வாசகர் கேள்வி–பதில்: கணக்கெடுப்பும் நேர்காணலும் ஒரே ஆய்வில்

அண்மையில் வந்த கடிதங்களில் நான்கு, எண்களைக் கொண்டு செய்யும் அளவுசார் ஆய்வையும் மக்களின் பேச்சையும் நடப்பையும் கொண்டு செய்யும் பண்புசார் ஆய்வையும் ஒன்றாகக் கையாள்வது எப்படி என்ற சிக்கலைப் பற்றியவை. நான்கையும் சேர்த்து இவ்விதழில் எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதத்துக்கு நீண்ட பதில் தேவைப்பட்டது.

கேள்வி: பகுதிநேரமாக முதுகலைப் பட்டப்படிப்பு படித்து வருகிறேன். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் உள்ள தமிழ்க் குடும்பங்களில் எந்த மொழி புழங்குகிறது என்பது என் ஆய்வு. பெற்றோருக்கு இணையவழி வினாப்பட்டியல் அனுப்பினேன். பிறகு சில வீடுகளுக்குச் சென்று, அனுமதி பெற்று, பேச்சைப் பதிவு செய்தேன். பிள்ளைகளுடன் அதிகமாகத் தமிழில்தான் பேசுகிறோம் என்று வினாப்பட்டியலில் பெரும்பாலோர் குறித்திருக்கிறார்கள். வீடுகளில் என் காதில் விழுந்ததோ பெரும்பாலும் ஆங்கிலம். நான்காம் இயலில் எண்கள், ஐந்தாம் இயலில் பேச்சு என்று எழுதிக் கொடுத்தேன். "இரண்டு ஆய்வுகளை ஒரே அட்டைக்குள் வைத்துத் தைத்திருக்கிறீர்கள்" என்று மேற்பார்வையாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டும் முரண்படும்போது எதை நம்புவது, எப்படி இணைப்பது?
— உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: ஆய்வேட்டின் அமைப்பைப் பற்றி உங்கள் மேற்பார்வையாளர் சொன்னது சரியே. ஆனால் நீங்கள் திரட்டிய தரவில் குறை இருப்பதாக அதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். வினாப்பட்டியலும் வீட்டுப் பேச்சும் ஒன்றோடொன்று ஒத்துப்போயிருந்தால் உங்களுக்கு ஒரு நிம்மதி கிடைத்திருக்கும். ஒத்துப்போகாததால் உங்களுக்கு ஓர் ஆய்வு கிடைத்திருக்கிறது. எதை நம்புவது என்ற கேள்வியை இப்போதைக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, இரண்டும் உண்மையில் எதை அளந்தன என்று முதலில் பாருங்கள்.

ஒரு வீட்டின் மாலைப் பொழுதை எடுத்துக்கொள்வோம். வேலை முடிந்து வந்த தாய், "இன்றைக்குப் பள்ளியில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள்?" என்று தமிழில் கேட்கிறார். பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்கிறது. பேச்சு அறிவியல் பாடத்தைப் பற்றியது என்பதால் தாயும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார். சற்று நேரம் கழித்து, "போய்க் குளித்துவிட்டு வா, சாப்பாடு ஆறுகிறது" என்று மீண்டும் தமிழ். அறைக்குள்ளிருந்து பாட்டி கூப்பிட்டால், "வரேன் பாட்டி" என்று தமிழில் குரல் கொடுத்துவிட்டுப் பிள்ளை தன் அண்ணனோடு ஆங்கிலத்தில் விளையாட்டைத் தொடர்கிறது. இந்தத் தாய் உங்கள் வினாப்பட்டியலில் எதைக் குறிப்பார்? தாம் வாய் திறந்து தொடங்கிய பேச்செல்லாம் தமிழாகவே அவர் நினைவில் நிற்பதால் "அதிகமாகத் தமிழ்" என்றுதான் குறிப்பார். அதில் பொய் எதுவும் இல்லை. ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்ட நீங்களோ, அந்த மாலையில் யார் யாரோடு பேசினாலும் எல்லா வாக்கியங்களையும் சேர்த்து எடைபோட்டு "பெரும்பாலும் ஆங்கிலம்" என்கிறீர்கள். அதுவும் உண்மையே. அவர் எண்ணியது தாம் தொடங்கிய பேச்சை. நீங்கள் எண்ணியது வீட்டில் நடந்த பேச்சை.

ஆகவே ஒலிப்பதிவுகளுக்குத் திரும்பிச் செல்லுங்கள். பேச்சை யார் தொடங்கினார், யாரிடம் தொடங்கினார், எந்த மொழியில், மறுமொழி எந்த மொழியில் வந்தது என்று ஒவ்வொரு பேச்சுக்கும் நான்கு குறிப்புகள் எழுதி, அவற்றை எண்ணிப் பாருங்கள். பெற்றோர் தொடங்கும் பேச்சில் தமிழ் மிகுந்தும் பிள்ளைகளின் மறுமொழியில் அது குறைந்தும் காணப்பட்டால், முரண்பட்டு நின்ற இரு முடிவுகளும் ஒரே நடப்பின் இரு பக்கங்களாகப் பொருந்திவிடும். அவ்வாறு பொருந்தாமல் போகவும் கூடும். அப்போது, தமிழ் பேசும் குடும்பமாகத் தெரிய வேண்டும் என்ற விருப்பம் வினாப்பட்டியலின் விடைகளில் கலந்திருக்கிறதா என்று ஆராய வேண்டியிருக்கும். தமிழ் மொழியை ஆய்வு செய்ய வந்திருக்கும் ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியோடு வரவேற்பறையில் அமர்ந்திருக்கும்போது எந்தப் பெற்றோரும் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே தமிழ் பேச முற்படுவர். அந்த நிலையிலும் உங்களுக்கு ஆங்கிலமே மிகுதியாகக் கேட்டதென்றால், பதிவு காட்டும் போக்கு வலுவானது என்று கொள்வதற்கு அதுவே ஒரு காரணம். இதை ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுதுங்கள்.

நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே இதற்கு நல்லதொரு சான்று இருக்கிறது. ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில், வீட்டில் மிக அதிகமாகப் பேசும் மொழி ஆங்கிலம் என்றவர்கள் 2010இல் 32.3 விழுக்காடு, 2020இல் 48.3 விழுக்காடு. தமிழ் என்றவர்கள் 3.3 விழுக்காட்டிலிருந்து 2.5 விழுக்காட்டுக்குக் குறைந்தனர். இந்த எண்களை மட்டும் படிப்பவர், வீடுகளை விட்டுத் தமிழ் வெளியேறிக்கொண்டிருக்கிறது என்றே முடிவு செய்வார். ஆனால் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு, வீட்டில் இரண்டாவதாகப் பேசும் மொழியையும் கேட்டது. ஆங்கிலத்தையே மிக அதிகமாகப் பேசுவோரில் 87 விழுக்காட்டினர் வீட்டில் ஒரு தாய்மொழியையும் பேசுகிறார்கள் என்பது அப்போது தெரியவந்தது. இவ்விழுக்காடு எல்லா இனத்தவரையும் சேர்த்தது. தமிழர்களுக்கென்று தனியாக எடுத்துச் சொல்லத்தக்கதன்று. ஆயினும் ஒரே ஒரு வினா கூடியதால் படம் எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். அதற்கு மேலும், அந்த இரண்டாம் மொழி பாட்டியோடு மட்டும் பேசப்படுகிறதா, கண்டிப்பதற்கும் கொஞ்சுவதற்கும் மட்டும் வருகிறதா, உடன்பிறந்தாரிடையே அறவே இல்லையா என்பதை எந்த விழுக்காடும் சொல்லப்போவதில்லை. உங்கள் வீட்டு வருகைகள் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

எழுத்தில் சொல்வதும் நேரில் நடப்பதும் வேறுபடுவதற்குப் பழைய எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. ரிச்சர்ட் லாப்பியர் என்னும் அமெரிக்கச் சமூகவியலாளர் 1930களின் தொடக்கத்தில் ஒரு சீனத் தம்பதியோடு அமெரிக்காவில் நீண்ட பயணம் செய்தார். ஆசியர்மீது வெறுப்பு மிகுந்திருந்த காலம் அது. அவர்கள் சென்ற 251 தங்குவிடுதிகளிலும் உணவகங்களிலும் ஒரே ஓர் இடத்தில்தான் ஏற்க மறுத்தனர். ஆறு மாதம் கழித்து அதே இடங்களுக்குக் கடிதம் அனுப்பி, சீனர்களை வாடிக்கையாளராக ஏற்பீர்களா என்று கேட்டபோது, விடையளித்தோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மாட்டோம் என்று எழுதினர். 1934இல் வெளிவந்த இந்த ஆய்வைப் பிற்காலத்தவர் குறை கூறியும் இருக்கிறார்கள்: கடிதத்துக்கு விடை எழுதியவரும் வாசலில் வரவேற்றவரும் ஒருவரேதானா என்று யாருக்குத் தெரியும்? உங்கள் ஆய்வுக்கு நேராகப் பொருந்தும் கேள்வி இது. வினாப்பட்டியலை நிரப்பியவர் தந்தையாகவும், மாலையில் பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தவர் தாயாகவும் இருந்தால், முரண்பாடு ஆய்வு முறைகளுக்கு இடையில் இல்லை. அந்தத் தந்தைக்கும் தாய்க்கும் இடையில் இருக்கிறது. முதலில் இதைச் சரிபார்த்துவிடுங்கள்.

இணைப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் ஆய்வு, எண்ணையும் பேச்சையும் இணைக்கும் ஆய்வுக்குக் 'கலப்பு முறை' என்ற பெயரே புழக்கத்துக்கு வருவதற்கு முன்பு நடந்தது. வியன்னாவுக்கு அருகிலுள்ள மரியென்தால் என்ற சிற்றூரில் ஆலை மூடப்பட்டு, ஊரே வேலையற்றுப்போனது. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் அந்த ஊரை ஆராய்ந்து 1933இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டனர். நூலகத்தில் எத்தனை நூல்கள் இரவல் போகின்றன என்று எண்ணினார்கள். ஒரு நாளின் ஒவ்வொரு மணி நேரத்தையும் எப்படிக் கழித்தீர்கள் என்று மக்களை எழுதச் செய்தார்கள். தெருவில் ஆண்களும் பெண்களும் நடக்கும் வேகத்தை அளந்தார்கள். வாழ்க்கைக் கதைகளைக் கேட்டார்கள். பிள்ளைகள் எழுதிய கிறிஸ்துமஸ் விருப்பங்களைப் படித்தார்கள். ஊராருக்கு உடைகள் வழங்குவது போன்ற பயனுள்ள வேலைகளைச் செய்தபடியேதான் ஆய்வையும் செய்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

அவர்கள் கண்டது என்ன? வேலையில்லாதவர்களுக்கு நேரம் மிகுதியாக இருந்தது. நூலகக் கட்டணமும் நீக்கப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் இரவல் போகும் நூல்கள் பெரிதும் குறைந்தன. இந்த எண் தனியே நின்றால் வறுமையால் படிப்பார்வம் போய்விட்டது என்று சொல்லி முடித்துவிடலாம். அதன் அருகிலேயே நாட்குறிப்புகளை வைத்துப் பார்த்தால், ஆண்களால் தங்கள் காலைப் பொழுது எப்படிக் கழிந்தது என்று நினைவுகூர்ந்து எழுதக்கூட முடியவில்லை. தெருவிலோ ஆண்கள் மெதுவாக நடந்து அடிக்கடி நின்றார்கள். வீட்டு வேலை முழுவதும் தலையில் இருந்த பெண்கள் விரைந்து நடந்தார்கள். வேலை போனால் நேரம் கிடைக்கும் என்பது பொதுவான எண்ணம். வேலையோடு சேர்ந்து நாளின் ஒழுங்கே குலைந்துபோகிறது என்பதை மரியென்தால் காட்டியது. நூலகக் கணக்கு ஓர் இயலிலும் நாட்குறிப்புகள் வேறோர் இயலிலும் கிடந்திருந்தால் அந்த முடிவு யாருக்கும் புலப்பட்டிருக்காது.

நீங்களும் இயல்களை முறைவாரியாகப் பிரிக்காமல் கேள்விவாரியாகப் பிரியுங்கள். பாட்டி தாத்தா உடனிருக்கும் வீடுகளில் என்ன நடக்கிறது என்பது ஒரு பிரிவு. அதில் எண்ணும் வரும், பேச்சும் வரும். எழுதத் தொடங்குமுன் மூன்று பத்திகள் (நெடுவரிசைகள்) கொண்ட ஓர் அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் அவ்வகைக் குடும்பங்கள் வினாப்பட்டியலில் சொன்னது, இரண்டாவதில் பதிவில் கேட்டது, மூன்றாவதில் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மட்டும் தெரியவருவது. மூன்றாம் பத்தியை நிரப்புவது கடினமான வேலை. எந்த வரியில் அது வெறுமையாகக் கிடக்கிறதோ அந்த வரியில் இன்னும் இணைப்பு நடக்கவில்லை. நீங்கள் சென்ற வீட்டார் வினாப்பட்டியலை நிரப்பியவர்களாகவும் இருந்தால் வேலை எளிதாகும். ஒவ்வொரு வீட்டின் விடையையும் அதே வீட்டின் பேச்சோடு நேருக்கு நேர் வைக்கலாம். இல்லையென்றால் குடும்ப வகைகளை மட்டுமே ஒப்பிட முடியும். அந்த வரம்பை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: எங்கள் தொண்டூழியக் குழு நடத்தும் துணைப்பாட வகுப்பு எந்த அளவுக்குப் பயன் தருகிறது என்று அறிய 12 பெற்றோரிடம் விரிவாகப் பேசினோம். "12 பேரிடம் பேசுவதெல்லாம் ஆய்வாகாது, வாட்ஸ்அப்பில் படிவம் அனுப்பினால் 300 பேர் நிரப்பிவிடுவார்கள்" என்கிறார் குழு உறுப்பினர் ஒருவர். அவர் சொல்வது சரியா?
— ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: எத்தனை பேர் என்பதற்கு முன், எதைச் சொல்வதற்காக என்பது தெளிவாக வேண்டும். "பெற்றோரில் இத்தனை விழுக்காட்டினர் மனநிறைவு அடைந்துள்ளனர்" என்று சொல்ல விரும்பினால் 12 பேர் போதாது. சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுத்த 100 பேரிடம் கேட்டு, 50 விழுக்காடு என்ற விடை கிடைத்தால், உண்மை நிலை அதற்குப் பத்துப் புள்ளி மேலோ கீழோ இருக்கலாம். 400 பேர் என்றால் ஐந்து புள்ளி. அதையும் பாதியாக்க 1,600 பேர் தேவை. இந்தக் கணக்கு முழுவதும் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: விடையளிக்கும் வாய்ப்பு எல்லாருக்கும் முறைப்படி கிடைத்திருக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் படிவத்தைப் போட்டால், வகுப்பின் மேல் பற்றுள்ளவரும் கடுங்கோபம் உள்ளவரும் முந்திக்கொண்டு நிரப்புவார்கள். குழுவை விட்டு ஏற்கெனவே விலகிப்போனவரின் கைக்குப் படிவமே போய்ச் சேராது. 300 என்ற எண்ணிக்கையால் இந்தக் குறை தீராது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பே எல்லா வீடுகளுக்கும் செல்லவில்லை. அடிப்படை விவரங்களை அரசாங்கப் பதிவுகளிலிருந்து பெற்றுக்கொண்டு, ஏறத்தாழ 150,000 குடும்பங்களை முறைப்படி தேர்ந்தெடுத்து அவர்களிடம் மட்டும் விரிவாகக் கேட்டது. எவ்வளவு பெரியது என்பதைவிட எப்படித் தேர்ந்தெடுத்தது என்பதில்தான் மாதிரியின், அதாவது ஆய்வுக்கெனத் தேர்ந்தெடுத்தவர்களின் தொகுதியின், பலம் இருக்கிறது.

மறுபுறம், பிள்ளைகள் ஏன் வருகிறார்கள், ஏன் நின்றுவிடுகிறார்கள், எவ்வெவ்வகைக் காரணங்கள் உள்ளன என்பதை அறிய 12 பேர் போதுமானதாக இருக்கலாம். கானாவிலும் நைஜீரியாவிலும் பெண்களிடம் எடுத்த 60 நேர்காணல்களைப் பின்னர் ஆராய்ந்து 2006இல் வெளிவந்த ஒரு கட்டுரை, பெரும்பாலான கருத்துகள் முதல் 12 நேர்காணல்களுக்குள்ளேயே வெளிப்பட்டுவிட்டன என்று காட்டியது. அதைப் பலர் ஒரு விதியைப்போல் மேற்கோள் காட்டுகிறார்கள். நான் அப்படிச் செய்யத் தயங்குவேன். ஓரளவு ஒரே வகையான மக்களிடம், குறுகிய பொருளைப் பற்றிக் கேட்டபோது கிடைத்த முடிவு அது. நீங்கள் பேசிய 12 பேரும் சனிக்கிழமைதோறும் தவறாமல் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் பெற்றோராக இருந்தால், வராதவர்களைப் பற்றி அவர்களுடைய பேச்சிலிருந்து எதுவும் தெரியாது.

உங்களிடம் ஏற்கெனவே ஓர் எண் தரவு இருக்கிறது என்பதை உறுப்பினரிடம் சொல்லுங்கள்: வருகைப் பதிவேடு. ஆண்டு முழுவதும் வந்தவர்கள், இரண்டொரு மாதத்தில் நின்றுவிட்டவர்கள், பெயர் கொடுத்தும் ஒருநாள்கூட வராதவர்கள் என்று அதைப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலிருந்தும் சிலரைத் தேர்ந்தெடுத்துப் பேசுங்கள். இரவுப் பணி செய்யும் தந்தை, வயதான மாமியாரைத் தனியே விட்டு வர முடியாத தாய், வேறு வட்டாரத்துக்கு வீடு மாறிப்போன குடும்பம் என்று நீங்கள் நினைத்தும் பாராத காரணங்கள் வெளிவரலாம். அப்போது எண்ணும் பேச்சும் ஒன்றுக்கொன்று துணையாகிவிடும். இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்கிறேன்: 12 பேரில் மூவர் ஒரு கருத்தைச் சொன்னால் அறிக்கையில் "மூவர்" என்றே எழுதுங்கள். "25 விழுக்காட்டினர்" என்று எழுதுவது நன்கொடையாளரைத் தவறான நம்பிக்கைக்கு இட்டுச்செல்லும்.

கேள்வி: தனியாக வாழும் மூத்தோரைப் பற்றி ஒரு சிறிய ஆய்வு செய்யப் போகிறேன். வினாப்பட்டியல் முதலிலா, நேர்காணல் முதலிலா?
— சிராங்கூன் வாசகர்

பதில்: கைவசம் எண்கள் இருந்து காரணம் தெரியாவிட்டால் நேர்காணல் பிறகு வரட்டும். எதைக் கேட்க வேண்டும் என்பதே தெரியாவிட்டால் அது முதலில் வர வேண்டும். மூத்தோரைப் பொறுத்தவரை நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். புளோக்கின் கீழ்த்தளத்தில் தினமும் காலையில் பலரோடு அமர்ந்து பேசும் ஒருவர், இரவு உணவை ஆண்டுக்கணக்கில் தனியாக உண்பவராக இருக்கலாம். வாரத்தில் எத்தனை பேரைச் சந்திக்கிறீர்கள் என்ற வினா அவரை நல்ல நிலையில் இருப்பவராகக் காட்டிவிடும். முதலில் சிலரோடு அமர்ந்து பேசினால், இரவு யாருடன் உண்கிறீர்கள் என்ற வினாவை வினாப்பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: வினாப்பட்டியலை நிரப்பியவர்களில் சிலரையே பிறகு நேர்காணல் செய்ய விரும்புகிறேன். அதற்குப் பெயரும் தொலைபேசி எண்ணும் வேண்டும். பெயரைக் கேட்டால் மனம் திறந்து எழுத மாட்டார்கள் என்று அஞ்சுகிறேன். என்ன செய்யலாம்?
— அங் மோ கியோ வாசகி

பதில்: இரண்டு முறைகளையும் இணைக்கும் ஆய்வில் மிகவும் கவனம் தேவைப்படும் இடம் இது. வினாப்பட்டியலின் முடிவில், மேலும் பேச விரும்புவோர் மட்டும் நிரப்புவதற்கென ஒரு தனிப் படிவம் வையுங்கள். வினாப்பட்டியலில் ஒரு குறியெண் மட்டும் இருக்கட்டும். எந்தக் குறியெண் யாருடையது என்ற பட்டியல், தரவோடு சேராமல், கடவுச்சொல் இட்ட வேறொரு கோப்பில் இருக்கட்டும். தாங்கள் எழுதியதும் பேசுவதும் ஒன்றாக இணைத்துப் பார்க்கப்படும் என்பதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பல்கலைக்கழக ஆய்வு என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கு அனுப்பும்போதே இதைத் தெளிவாக எழுதுங்கள். சிங்கப்பூரில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. சட்டத்துக்காக மட்டும் செய்யும் காரியமாக இதை எண்ண வேண்டாம்.

நம் சமூகம் சிறியது. பெயரை நீக்கிவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்று நினைக்கக் கூடாது. "ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வயது அறுபதுக்கு மேல், இன்ன வட்டாரம், கோவில் நிர்வாகக் குழுவில் இருப்பவர்" என்று எழுதினால், படிக்கும் தமிழர்களில் பலர் அவரை அடையாளம் கண்டுகொள்வார்கள். எண் மட்டும் உள்ள ஆய்வில் இவ்வளவு ஆபத்து இல்லை. பேச்சு மட்டும் உள்ள ஆய்வில் வயதும் வருமானமும் பெரும்பாலும் வெளிவருவதில்லை. இரண்டையும் சேர்க்கும்போதுதான் ஒருவரின் வருமானம், குடும்பநிலை, வட்டாரம், சொந்தப் பேச்சு எல்லாம் ஒரே பக்கத்தில் வந்து நிற்கின்றன. ஆகவே மேற்கோளுக்குக் கீழே தேவையான ஒரே ஒரு விவரத்தை மட்டும் கொடுங்கள். அட்டவணையில் ஒரு கட்டத்துக்குள் ஓரிருவர் மட்டுமே வந்தால் அந்தக் கட்டத்தை அடுத்ததோடு சேர்த்துவிடுங்கள்.

நேர்காணலின்போது, "வினாப்பட்டியலில் இப்படிக் குறித்தீர்களே, இப்போது வேறு மாதிரி சொல்கிறீர்களே" என்று குறுக்கு விசாரணை செய்துவிடாதீர்கள். "சிலர் இப்படியும் சொல்கிறார்கள், சிலர் அப்படியும் சொல்கிறார்கள், உங்கள் வீட்டில் எப்படி?" என்று கேட்டால், அவரே தம் இரு விடைகளுக்கும் உள்ள தொடர்பை விளக்கத் தொடங்குவார். ஆய்விலிருந்து விலகும் உரிமை அவருக்கு உண்டு என்று ஒப்புதல் படிவத்தில் எழுதுவதோடு, எந்தத் தேதிவரை விலகலாம் என்பதையும் குறிப்பிடுங்கள். குறியெண் பட்டியலை அழித்த பிறகு, யாருடைய விடை எது என்று உங்களாலேயே பிரித்தெடுக்க முடியாமல் போகும். பட்டியலை அழிக்கும் நாளையும் அதே படிவத்தில் எழுதிவிட்டால், அவர் அதைத் தெரிந்துகொண்டே கையெழுத்திடுவார்.